எந்தக் காரை வெட்டுவது?

கொற்கையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் இன்று பஸ் ஏற வேண்டும். கிரேக்க மாலுமிகள் பெயர் சொல்லி எழுதி வைத்த பாண்டியரின் முத்துத் துறைமுகம், இப்போது கடலுக்கு ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, ஒரு குளத்தையும் ஒரு பழைய வன்னி மரத்தையும் சுற்றிலும் வாழைத் தோட்டங்களையும் வைத்துக்கொண்டு சாதுவாக இருக்கிறது. தாமிரபரணி வருஷா வருஷம் கொண்டு வந்து தள்ளிய வண்டல் துறையை அடைத்துவிட்டது. வாணிபம் காயலுக்குப் போயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ கண்டு வியந்தது அந்தக் காயலைத்தான். பிற்பாடு காயலும் ஓய்ந்தது. ஆனால் அதன் பெயர் மட்டும் ஒரு வேடிக்கையான இடத்தில் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் பழைய இரும்புக் கடைக்குக் 'காயலான் கடை' என்றுதான் பேர். உடைந்த கப்பல் சாமான்களை வாங்கி விற்ற காயல் வியாபாரிகளால் வந்த பேர் என்று சொல்லுவார்கள்.

ஆகவே ஒருவன் கழித்ததை இன்னொருவன் எடுத்து உயிர் கொடுப்பது அந்தச் சீமைக்குப் புதிய சமாசாரம் அல்ல. ஏரலிலோ ஸ்ரீவைகுண்டத்திலோ வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞனுக்கு, 'ஒரு பழைய காரைப் பிரித்து, அதன் என்ஜினையும் கியர் பெட்டியையும் எடுத்து, நம் கையாலேயே ஒரு கார் கட்டினால் என்ன?' என்று தோன்றினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கையில் வைத்திருக்கும் போனில், இங்கிலாந்துக்காரர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அவரால் முடிந்தது நம்மால் முடியாதா?

முடியும். ஆனால் எந்தக் காரை வெட்டுவது என்பதில்தான் காரியம் கெட்டுப் போகிறது.

இங்கிலாந்தில் இந்த வழக்கம் வரியைத் தப்புவதற்காக வளர்ந்தது. அங்கே முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. துண்டு துண்டாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் இல்லை. காலின் சாப்மன் 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரை உரித்துத் தம் முதல் பந்தயக் காரைக் கட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் லோட்டஸ் கம்பெனி. 1957-ல் அவர் கொண்டு வந்த லோட்டஸ் செவன், பெட்டியில் சாமான்களாக வீட்டுக்கு வந்து இறங்கும். வாங்குகிறவர் ஸ்பேனரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 1973-ல் வரி முறையே மாறியதும் அந்தச் சலுகை போயிற்று. ஆனாலும் பழக்கம் போகவில்லை. சட்டத்தையும் பாடியையும் புதிதாகச் செய்து, மற்ற உறுப்புகளைப் பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஊன்றிவிட்டது. அந்தப் பழைய காரை அவர்கள் 'டோனர் கார்' என்கிறார்கள்.

தமிழில் 'கொடை வண்டி' என்று சொல்லிப் பார்க்கலாம். கொடை என்றதும் நெல்லைக்காரர்களுக்கு அம்மன் கோவில் கொடை ஞாபகம் வரும். கூடவே கிடா வெட்டும் ஞாபகம் வரும். பொருத்தம்தான். இந்தக் கொடையிலும் ஒரு கிடா வெட்டுப்படுகிறது. நோயாளிக் கிடாவை யாரும் கோவிலுக்குக் கொண்டு வருவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டறையில் வழக்கமாக நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணாச்சி, வண்டி ஒண்ணு வாங்கிட்டேன். முப்பதாயிரந்தான்."

"ஓடுதால?"

"ஓடாது. ஆனா என்ஜின் நல்லாருக்குன்னு சொன்னாவ."

"ஆர்.சி. புக்கு?"

"அதக் கேக்கல அண்ணாச்சி."

மேலப்பாளையம் சந்தையில் மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை. காருக்கு முதல் பல் ஆர்.சி. புத்தகம். அதிலுள்ள என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப் போகவேண்டும். பாங்குக் கடன் பாக்கியிருந்தால் அது தீர்ந்த ரசீது வேண்டும். காயலான் கடையில் ரசீது இல்லாமல் வாங்கிய என்ஜின், ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சாட்சி சொல்ல நின்றாலும் நிற்கும்.

இரண்டாவது, ஓடுகிற வண்டியை வாங்க வேண்டும். பத்து நாள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வெட்ட வேண்டும். எந்தக் கியரில் சத்தம், எந்தச் சக்கரத்தில் ஆட்டம், பிரேக் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் பிரிப்பதற்கு முன்னால்தான் தெரியும். பிரித்த பிறகு எல்லாம் இரும்புத் துண்டுதான். நல்லதும் கெட்டதும் ஒரே முகத்தோடு இருக்கும். அதே காரணத்தால் முழு வண்டியாக வாங்குவதே லாபம். என்ஜின் ஓரிடம், ஸ்டியரிங் ஓரிடம், ஆக்ஸில் ஓரிடம் என்று சேர்த்தால், ஒன்றோடொன்று பொருத்தவே லேத் பட்டறைக்கு ஒரு சொத்தை எழுதி வைக்க வேண்டியிருக்கும். பெடல், ஒயர், கேபிள், நட்டு, போல்ட்டு என்று கணக்கில் வராத சில்லறைச் சாமான்கள்தான் கடைசியில் பணத்தைத் தின்கின்றன. முழு வண்டியில் அவை இனாம். புதிய தலைமுறைக் கார்களில் இன்னொரு சங்கடம் உண்டு. என்ஜினைக் கட்டியாளும் மின்னணுப் பெட்டியும், அதன் முழு ஒயரிங்கும், சாவியும் சேர்ந்து வராவிட்டால் அந்த என்ஜின் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், உறுமாது.

கோவைக்காரர் காட்டிய வழி

எந்த மாதிரிக் காரை எடுப்பது என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. கோவையில் ஜவுளி ஆலைக் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன் (1954-1995) பந்தயக் காரோட்டி மட்டுமல்ல. கார் கட்டுபவரும் கூட. வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்வது நடுத்தர வீட்டுப் பையனால் ஆகிற காரியமல்ல என்பதைப் பார்த்து, 1980-களின் பிற்பகுதியில் ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார் ஒன்றைச் சொந்தமாகக் கட்டினார். அதற்கு அவர் எடுத்தது நாட்டிலேயே சர்வ சாதாரணமான காரின் என்ஜின். மாருதி 800-ல் இருக்கும் மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜின். 'பார்முலா மாருதி' என்று பேர் பெற்ற அந்த வண்டிகளில்தான் ஒரு தலைமுறை ஓட்டப் பழகியது. 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் பந்தயத் தொழிலைத் தொடங்கியதும் பார்முலா மாருதியில்தான். கரிவரதன் சிறு விமான விபத்தில் இளம் வயதிலேயே மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் அவர் பேரைத் தாங்கி நிற்கிறது.

அவர் தேர்வில் உள்ள புத்தியைக் கவனிக்க வேண்டும். சக்தி மிகுந்த என்ஜினை அவர் தேடிப் போகவில்லை. எந்த ஊரில் கெட்டுப் போனாலும் அந்த ஊரிலேயே சரி செய்யக்கூடிய என்ஜினைத் தேடினார். வண்டியின் கனத்தைக் குறைத்தால் சின்ன என்ஜினே போதும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

தாமிரபரணிக் கரையில் கார் கட்ட நினைக்கிறவருக்கும் அதே யோசனைதான் சரி. பல பேருக்கு முதல் பார்வை அம்பாஸடர் மேல் போகும். கம்பீரமான வண்டிதான், பின் ஆக்ஸில் யானை பலம். ஆனால் அதன் உடம்பே எலும்புக்கூடு. தனியாகச் சட்டம் கிடையாது. பாடியை எடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை. கனமும் அதிகம். லேசான வண்டி கட்டுவதற்கு அதன் உறுப்புகள் தடிமன். பிரீமியர் பத்மினி அதைவிட லேசு; 1089 சி.சி. என்ஜினும் குணமானது. ஆனால் வயதாகிவிட்டது. ஒரு சின்ன வாஷருக்காகத் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து சென்னை புதுப்பேட்டை வரை அலைய நேரிடும். கடைசிக் காலத்தில் வந்த நானோவில் என்ஜின் பின்னாலேயே இருக்கிறது என்பது வசதிதான். ஆனால் விற்ற வண்டிகளே குறைவு என்பதால் சாமானும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அமைப்பைப் பார்த்தால் உத்தமமான கொடை வண்டி ஒன்று சென்னையிலேயே உற்பத்தியாயிற்று. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதற்குத் தனிச் சட்டம் உண்டு. பாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் சட்டமும் சக்கரமுமாக அதைத் தள்ளிக்கொண்டு போகலாம். இங்கிலாந்தில் அதே ஜாதிக் கார்களை இரக்கமில்லாமல் வெட்டி எத்தனையோ புதுக் கார்கள் கட்டினார்கள். இங்கே அதைச் செய்யக்கூடாது. மிஞ்சியிருக்கும் ஹெரால்டுகள் கொஞ்சம். எல்லாம் அரை நூற்றாண்டு தாண்டியவை. பதிவாகி 50 வருஷமான கார்களைப் பூர்வ உருவத்திலேயே காப்பாற்ற 2021-ல் மத்திய சர்க்கார் தனி விதிகளே செய்திருக்கிறது. தகப்பனார் காலத்து ஹெரால்டு ஏதாவது பாளையங்கோட்டை வீட்டுக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தால் அதைத் துடைத்து ஓட்ட வேண்டும். அதை வெட்டுகிறவன் கையில் வெல்டிங் கம்பி இருக்கலாம்; விவேகம் இல்லை.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று மாருதி 800. என்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கட்டியாக இருப்பதால் அப்படியே தூக்கி ஆசனத்துக்குப் பின்னால் வைத்துவிடலாம். ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது: முன்னால் இருந்தபோது திரும்பிய சக்கரங்கள் பின்னால் போனதும் திரும்பாதபடி கெட்டியாகக் கட்டிப் போடவேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் தலை திருச்செந்தூருக்கும் வால் தூத்துக்குடிக்கும் போகும். பிரேக்கும் அப்படியே பொருந்தாது. கனம் முன்னால் இருந்த வண்டிக்கு அமைத்த பிரேக்கு, கனம் பின்னால் போனதும் கணக்குத் தப்பும்.

இன்னொன்று ஆம்னி வேன். கேட்டால் சிரிப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரி நோயாளிகளையும் ஏற்றித் திரிந்த அந்த டப்பாவிலா ஸ்போர்ட்ஸ் கார்? அதில்தான். என்ஜினும் அதே 796 சி.சி. ஆனால் மாருதி 800-ல் போலக் குறுக்கே இல்லாமல் நீளவாட்டில் இருக்கிறது. கியர் பெட்டி அதன் பின்னால். அங்கிருந்து புரொப்பல்லர் ஷாப்ட். கடைசியில் எடை குறைந்த பின் ஆக்ஸில். லோட்டஸ் செவன் போல் முன்னே என்ஜினும் பின்னே ஓட்டமுமாக ஒரு சின்னக் கார் கட்டச் சதுரக் குழாயில் ஒரு சட்டம் செய்தால், இந்த உறுப்புகள் அதே வரிசையில் உட்காரும். 2019 வரை உற்பத்தியான வண்டியாகையால் சாமானுக்குப் பஞ்சமில்லை. பழுது பார்க்கத் தெரியாத மெக்கானிக்கும் இல்லை. இரண்டில் முதல் மார்க்கு ஆம்னிக்கே. வாங்கும்போது, காஸ் சிலிண்டர் மாட்டியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளத்தில் குளித்த வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் ரெயில் பிரயாணிகளோடு அகப்பட்டு நின்றது. ஏரல் தனித் தீவாயிற்று. வீட்டு வாசலில் நின்ற கார்கள் கூரை வரை முழுகின. முழுகிய கார் பாதி விலைக்கும் கால் விலைக்கும் வந்தால், கார் கட்ட நினைக்கிறவனுக்கு வாய் ஊறத்தான் செய்யும்.

அந்த விலையில் ஏமாந்து விடக்கூடாது. ஆற்று வெள்ளம் வெறும் தண்ணீர் அல்ல. கொற்கைத் துறையை அடைத்த அதே வண்டல்தான் ஆல்டர்னேட்டருக்குள்ளும் சக்கரப் பேரிங்குக்குள்ளும் போய் உட்காருகிறது. தண்ணீர் புகுந்த என்ஜினை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். தண்ணீர் காற்றைப் போல் அமுங்குவதில்லை அல்லவா? ஒயரிங் வெளியே பளபளவென்றிருக்கும். உள்ளே பச்சை பூத்திருக்கும். கியர் பெட்டியின் கீழ்த் திருகைக் கழற்றி நாலு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் விட்டுப் பார்க்க வேண்டும். பால் கலந்த தேநீர் போலிருந்தால் தண்ணீர் குடித்த வண்டி. அதைச் சட்டம் செய்யும் இரும்பு விலைக்குக் கேட்கலாம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கூடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் கொடுத்துத் தீர்த்த வண்டியானால், அதன் ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா என்பதையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்துவிட வேண்டும்.

வெள்ளம் படாத வண்டியையும் கடற்காற்று விடுவதில்லை. திருச்செந்தூர், காயல்பட்டினம் பக்கத்தில் நின்ற கார்களின் கதவுக்குக் கீழே ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தால் 'டங்' என்று சொல்ல வேண்டும். 'பொத்' என்றால் துரு. துணியில் சுற்றிய ஒரு காந்தத்தை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தால், ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, புட்டிதான் இருக்கிறது என்று தெரிந்துபோகும். பாடியைத் தூக்கி எறியப் போகிறோமே என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். பாடி துருப்பிடித்த வண்டியில் பிரேக் குழாய் மட்டும் துருப்பிடிக்காமல் இருக்குமா?

கட்டியாயிற்று, பிறகு?

இவ்வளவையும் சரியாகப் பார்த்து, ஒரு நல்ல ஆம்னியை வெட்டி, ஒரு நல்ல காரையும் கட்டிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அதை ஏரல் கடைத்தெருவில் ஓட்ட முடியுமா? முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தி செய்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். மாற்றம் என்று சொல்லாமல் 'புதிய கார்' என்று சொன்னாலும் தப்ப வழியில்லை. புதிய காருக்கு மாதிரி வண்டி பரிசோதனை வேண்டும். அது ஆயிரக்கணக்கில் கார் செய்கிற கம்பெனிக்காக ஏற்பட்டது. ஒரே ஒரு கார் கட்டியவனுக்கு அந்த வாசற்படியில் கால் வைக்க முடியாது. மகாராஷ்டிரத்தில் சாங்லி ஜில்லாவில் ஒரு கொல்லுப் பட்டறைக்காரர் பழைய சாமான்களைக் கொண்டு குடும்பத்துக்காக ஒரு குட்டிக் கார் கட்டினார். 2022-ல் ஆனந்த் மஹிந்திரா அதை வாங்கிக்கொண்டு அவருக்கு ஒரு பொலேரோ கொடுத்தார். நல்ல மனசுதான். ஆனால் கார் கட்டத் தெரிந்தவனுக்குக் கிடைத்தது இன்னொருவர் கட்டிய கார்.

சட்டத்தின் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது யோக்கியமல்ல. சென்னையில் மோட்டார் பூட்டிய மீன்பாடி வண்டி வரும்போது மற்றவர்கள் ஒதுங்கி ஓடுவதை யாரும் பார்க்கலாம். வடக்கே பம்புசெட் என்ஜின் மாட்டி ஜனங்களை ஏற்றிப் போன 'ஜுகாட்' வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, பதிவில்லாமல் ரஸ்தாவுக்கு வரக்கூடாது என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லும்படி ஆயிற்று. பாளையங்கோட்டை நாலுவழிச் சாலையில் அரைகுறையாக வெல்டிங் செய்த ஸ்டியரிங் கழன்றால், சாகிறவர் கார் கட்டியவராகத்தான் இருப்பார் என்று சொல்ல முடியாது. எதிரே மொபெட்டில் பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு வருகிறவராகவும் இருக்கலாம்.

அதற்காகக் கதவை அடைப்பதுதான் ஒரே வழியா? பிரிட்டனில் தனியொரு வண்டியைப் பரீட்சை செய்து பாஸ் போடும் முறை வெகு காலமாக இருக்கிறது. 2009 முதல் அது இன்னும் கடுமையாயிற்று. பிரேக், விளக்கு, ஸீட் பெல்ட் மாட்டிய இடம், கண்ணாடி, புகை, சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். நடந்து போகிறவர் மேல் பட்டால் கிழிக்கும் கூர்மையான விளிம்பு இருக்கிறதா என்றுகூடத் தடவிப் பார்ப்பார்கள். தேறினால் நம்பர், தேறாவிட்டால் வீட்டுக்குக் கொண்டு போய்த் திருத்திக்கொண்டு வரவேண்டும். இங்கேயும், ஒருவர் செய்த சட்டத்தில் இன்னொருவர் பாடி கட்டுவது சர்க்காருக்குத் தெரியாத சங்கதியல்ல. தமிழ்நாட்டு பஸ்களில் பாதி உடம்பு ஒரு தொழிற்சாலையில் பிறக்கிறது, மறு பாதி கரூரில் பிறக்கிறது. அதற்கென்று தனி விதி வகுத்து, கட்டும் இடங்களுக்கு அங்கீகாரமும் கொடுக்கிறார்கள். பஸ்ஸுக்குச் செய்ய முடிந்ததை இரண்டு பேர் உட்காரும் காருக்குச் செய்ய மனமில்லாமல் போவானேன்?

சென்னையை அடுத்த ஒரகடத்தில் மத்திய சர்க்காரின் மோட்டார் பரிசோதனை நிலையம் இருக்கிறது. பிரேக்கை அளக்கும் தடமும் புகையை அளக்கும் யந்திரமும் அங்கே உண்டு. வருஷத்தில் சில நாட்களைத் தனியாள் கட்டிய வண்டிகளுக்கு என்று ஒதுக்கி, கட்டணமும் தாராளமாகவே வாங்கிக்கொள்ளட்டும். வெட்டிய காரின் ஆர்.சி. புத்தகத்தையும் வாங்கிய சாமான்களின் ரசீதுகளையும் வரும்போதே காட்டச் சொல்லட்டும். திருட்டு என்ஜின் வியாபாரமும் அத்தோடு அடங்கும். ரசீதைக் கேட்பார்கள் என்று தெரிந்தால், முப்பதாயிரம் ரூபாய்க்கு ஓடாத வண்டியை வாங்கி வந்த அந்தப் பையனும் முதலில் புத்தகத்தைத்தான் கேட்பான்.

அதுவரைக்கும் கட்டுகிறவர்கள் கட்டட்டும். பழகுகிற கை பழகட்டும். ஓட்டிப் பார்க்கத் தெரிந்தவர் தோப்பு இருக்கிறது. ஆசை பெரிதானால் கோவைத் தடம் இருக்கிறது. செக்கச் செவேலென்று மணல் மேடு மேடாகக் கிடக்கும் குதிரைமொழித் தேரியைப் பார்த்தால் கை துறுதுறுக்கும்தான். ஆனால் அது காப்புக் காடு, வண்டி ஏற்றக்கூடாது. நம்பர் பலகை கிடைக்கிற வரையில் ஏரல் பாலத்தின் மேலும் ஏற்ற வேண்டாம்.